கணிப்பொறியே, சற்று நில்!

பென்சிலால் எழுதியதை ரப்பரால் அழித்துவிடலாம். எரித்த தாளைத் திரும்பப் பெற முடியுமா? முடியாது. மாணவர்களே, செயல்களில் இவ்விரு வகைகள் உண்டு. இரண்டாம் வகையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கலாமா?

1983, செப்டம்பர் 26. மாஸ்கோவுக்கு அருகே ஒரு நிலவறை. அமெரிக்கா 5 ஏவுகணைகளை ஏவிவிட்டதாகச் சோவியத் கணிப்பொறி அறிவித்தது. பணியிலிருந்த அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் சிந்தித்தார். போர் தொடுப்பவர்கள் ஐந்தே ஐந்து ஏவுகணைகளையா அனுப்புவார்கள்? தரையிலுள்ள ரேடார்களிலும் ஒன்றும் தென்படவில்லை. "தவறான எச்சரிக்கை" என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். அதுவே சரி! மேகங்களில் பட்டு எதிரொளித்த சூரிய ஒளியை ஏவுகணையின் தழல் எனச் செயற்கைக்கோள் கருதிவிட்டது. கணிப்பொறியே பதிலடி கொடுக்கும்படி அமைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்றைய செயற்கை நுண்ணறிவு, கேள்விக்கு விடை கூறுவதோடு நிற்பதில்லை. மின்னஞ்சல் அனுப்புகிறது, கோப்புகளை அழிக்கிறது, பணமும் செலுத்துகிறது. ஆகவே பொறியியலாளர்கள் ஒரு வழி கண்டுள்ளனர். வரைவு எழுதுவது போன்ற, திருத்தக்கூடிய வேலைகளை அது தானே செய்யலாம். அனுப்புதல், அழித்தல் போன்றவற்றுக்கு முன் நின்று, "செய்யலாமா?" என்று மனிதரைக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கேட்டால் இன்னும் நல்லதல்லவா என்கிறீர்களா? இல்லை. நூறு முறை கேட்டால், நூற்றொன்றாம் முறை படிக்காமலே "சரி" என்று அழுத்திவிடுவோம்! எனவே திருத்த முடியாதவற்றுக்கு மட்டும் அது கேட்கட்டும். என்ன செய்யப்போகிறது, ஏன் என்பதையும் விளக்கட்டும். பெத்ரோவைப் போல் சிந்தித்து விடை தருவது நம் பொறுப்பு.