நஞ்சிற் பிறந்த மருந்து

பிரேசில் நாட்டு விரியனொன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாக 1970களில் கப்தோபிரில் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. குருதிக் குழாய்களைச் சுருக்கும் பொருளை உருவாக்கும் நொதியத்தை இவ்வின மருந்துகள் தடுக்கின்றன; அதனாற் குருதியமுக்கம் தணியும்; தளர்ந்த இதயத்தின் சுமையும் குறையும்.

ஆயின், அச்செயலாலேயே சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றல் குன்றலாம். குருதியிற் பொற்றாசியம் மிகலாம். ஆதலின், மருந்தைத் தொடங்குமுன்னரும், தொடங்கி ஓரிரு வாரங்களிலும் குருதியைச் சோதித்தல் வேண்டும். சிறுநீரகத்தின் நிலை காட்டும் கிரியேற்றினின் சிறிது உயர்தல் இயல்பு. 30 வீதத்திற்கு மேல் உயரின் காரணம் ஆராயப்படல் வேண்டும். வறட்டிருமல் தொல்லைதரின் வேறின மருந்துண்டு. முகமோ நாவோ வீங்கின் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அதனை மீண்டும் உண்ணலாகாது. சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்குமாதலின் கருவுற்ற மகளிர்க்கு இது விலக்கு.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சென்பர். இம்மருந்தோ, அளவோடு கொடுப்பினும் அளந்து பாராவிடின் நஞ்சாகலாம்.