வயல் மூலையில் சாரைக்கு ஓர் இருப்பிடம்

சம்பா நெல் பொதி கட்டும் நாளில் வரப்பெல்லாம் எலி வளையாகிவிடுகிறது. விவசாயிகள் வளையை வெட்டுகிறார்கள், கிட்டி வைக்கிறார்கள், நஞ்சும் வைக்கிறார்கள். ஆனால் வளைக்குள்ளேயே புகுந்து எலியையும் குட்டிகளையும் விழுங்கக்கூடிய சாரைப் பாம்பைக் கண்டால் மட்டும் தடி எடுத்துவிடுகிறார்கள். ஆந்தையும் பருந்தும் வளைக்கு வெளியே வந்த எலியைத்தான் பிடிக்க முடியும். பாம்போ உள்ளே போயும் பிடிக்கும்.

பெருநகரங்களில் சிலர் வெளிநாட்டுப் பல்லி, ஓணான் இனங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். பெட்டியில் சரளையும் மண்ணும் பரப்பி, செடி நட்டு, கல்லும் மரக்கட்டையும் வைக்கிறார்கள். இது வெறும் அழகுக்கு அல்ல. ஊர்வன தம் உடல் சூட்டை வெயிலிலிருந்து பெறுபவை. சூடு மிகுந்தால் நிழலில் ஒதுங்கும். எனவே காய்வதற்குக் கல், ஒதுங்க நிழல், ஒளியப் பொந்து, குடிக்க நீர், முட்டையிட மண் ஆகிய ஐந்தும் அவற்றுக்குத் தேவை. இந்த ஐந்தையும் வயல் மூலையில் அமைத்துக் கொடுத்தால் பெட்டியே வேண்டாம். அவை தாமாக வந்து தங்கும்.

நம் நாட்டு இனங்களைப் பிடித்து அடைத்து வளர்க்க முயலக் கூடாது. 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சாரை, உடும்பு, நட்சத்திர ஆமை முதலியவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் கொல்வதும் குற்றம்.

பயன் தரும் ஊர்வன

சாரைக்கு நஞ்சு இல்லை. ஆறு, ஏழு அடி வளரும். எலியும் தவளையும் அதன் இரை. சாரையும் நல்லபாம்பும் பிணைவதாகக் கிராமங்களில் சொல்வதுண்டு. உண்மையில் அவ்வாறு பின்னி எழுபவை பெரும்பாலும் பலம் பார்க்கும் இரண்டு ஆண் சாரைகள். ஓணான் புழு பூச்சிகளைத் தின்னும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் சிவக்கும். இதைக் கண்டு அது இரத்தம் உறிஞ்சுவதாக எண்ணிச் சிறுவர்கள் கல்லால் அடிப்பது தவறு. அரணைக்கும் நஞ்சு கிடையாது. உடும்பு வரப்பைத் துளைக்கும் நண்டைத் தின்னும். ஆனால் கோழிக்குஞ்சையும் தூக்கும் என்பதால் கூண்டை நன்றாக மூடி வைக்க வேண்டும்.

அமைக்கும் முறை

வீடு, தொழுவம், களம், நடைபாதை, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து மிகவும் தள்ளியுள்ள வயல் மூலையே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் நிற்காத மேடாக இருக்க வேண்டும். பத்தடி நீளம், நான்கடி அகலத்தில் ஓரடி ஆழம் தோண்டி உடைகல் நிரப்பவும். அதன்மேல் பெரிய கற்களை இடைவெளி விட்டு மூன்றடி உயரத்துக்கு அடுக்கலாம். உடைந்த ஓடு, பானை ஆகியவற்றையும் இடையில் செருகலாம். ஆனால் கற்களைச் சாந்து வைத்துப் பூசக் கூடாது. உச்சியில் தட்டைக் கற்கள் இருந்தால் காலை வெயிலில் காய வசதி.

மேற்குப் பக்கம் நொச்சி, ஆடாதொடை, கிளுவை போத்துகளை நட்டால் பிற்பகலில் நிழல் கிடைக்கும். நொச்சியையும் ஆடாதொடையையும் ஆடு கடிப்பதில்லை. வேலிக்கருவேலும் உண்ணிச்செடியும் வயலில் பரவிவிடும் என்பதால் அவற்றை நட வேண்டாம். கிழக்குப் பக்கம் இரண்டு கூடை மணலும் மட்கிய இலைச் சருகும் கொட்டி வைத்தால் முட்டையிட உதவும். ஆழமில்லாத மண் தட்டில் நீர் வைத்து, நடுவே ஒரு கல்லைப் போடவும். செலவு ஆள் கூலி மட்டுமே.

கவனிக்க வேண்டியவை

குவியலின் அருகே வைக்கோலோ தானியமோ இருந்தால் எலியே அங்கு குடியேறிவிடும். பக்கத்து வளைகளில் அலுமினியம் பாஸ்பைடு இட்டால் எலியோடு பாம்பும் சாகும். புரோமடியலோன் தின்ற எலியை உண்ணும் ஆந்தைக்கும் பாம்புக்கும் கேடு உண்டு. இருப்பிடம் அமைத்த பக்கத்தில் கிட்டியும் வளை வெட்டுதலுமே போதும். வரப்பு அகலத்தைக் குறைப்பதும் எலியைக் கட்டுப்படுத்தும். குவியல் மட்டும் எலியை முற்றிலும் ஒழித்துவிடாது.

இத்தகைய இடத்துக்கு நல்லபாம்பும் விரியனும் வரக்கூடும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பிடுகிறது. ஆகவே கற்களுக்கிடையே கை விடக் கூடாது. விறகை அங்கே அடுக்கக் கூடாது. இரவில் நீர் பாய்ச்சப் போகிறவர் டார்ச் விளக்கும் முழங்கால் வரை ரப்பர் பூட்சும் இல்லாமல் போகக் கூடாது. எந்தப் பாம்பென்று தெரியாவிட்டால் விலகிச் சென்றுவிடுவதே நல்லது.

கடிபட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் ஆபத்து. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிவு மருந்து உண்டு.

கோடையில் நிலம் காலியாக இருக்கும்போதே கல்லை அடுக்கி, ஆடி, ஆவணி மழையில் போத்துகளை நட்டுவிட்டால், சம்பா பயிர் வளரும்போது வேலியும் வேர் பிடித்திருக்கும். முதல் பட்டத்திலேயே பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும் குவியலைக் கலைக்காமல் விட்டுவைக்க வேண்டும்.