சீனச் சமூகத்தில் பெற்றோர் பேணல்: பணிவும் பரிவும்

பெற்றோர் பேணலைச் சீன மொழி 'சியாவ்' என்னும் சொல்லால் குறிக்கிறது. அதன் எழுத்துருவில் முதியவரைச் சுட்டும் பகுதி மேலேயும் பிள்ளையைச் சுட்டும் பகுதி கீழேயும் அமைந்துள்ளன. பிள்ளை முதியவரைத் தாங்கி நிற்பதாக இதற்குப் பொருள் கூறுவர். ஆனால், தாங்குவது என்றால் என்ன என்பதில் தலைமுறைகள் ஒத்த கருத்துக் கொண்டிருக்கவில்லை.

பெற்றோருக்கு உணவளிப்பது மட்டுமே இவ்வறமாகாது. உள்ளத்தில் மதிப்பில்லையேல் அது விலங்குகளுக்குத் தீனி வைப்பதற்கு ஒப்பாகும் என்பது கன்ஃபூசியஸின் கருத்து. பின்வந்த பேரரசுகள் இதனைச் சட்டமாக்கின. 7ஆம் நூற்றாண்டின் தாங் வம்சச் சட்டம், இவ்வறம் பிறழ்தலைப் பத்துப் பெருங்குற்றங்களுள் ஒன்றாக வைத்தது. யுவான் ஆட்சிக்காலத்தில் தொகுக்கப்பட்ட இருபத்து நான்கு நன்மக்களின் கதைகளுள் ஒன்று, தாய்க்கு உணவு குறையக்கூடாதென்று தன் குழந்தையைப் புதைக்கத் துணிந்த ஏழையைப் போற்றுகிறது. சிறுவயதில் இக்கதையைப் படித்த எழுத்தாளர் லூ சுன், தம் தந்தையும் அத்தகைய நன்மகனாகிவிடுவாரோ என அஞ்சியதை 1926இல் எழுதினார். பணிவே அறமெனக் கொண்ட மரபின்மேல் அவர் தலைமுறை கொண்ட சினத்தை இது உணர்த்துகிறது.

1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், பெற்றோர் தம் விருப்பப்படி மணமுடித்து வைக்கும் உரிமையை நீக்கியது. எனினும் பிள்ளைகள் பெற்றோரைப் பேண வேண்டுமென்னும் கடமையை நிலைநிறுத்தியது. 1966 முதல் 1976 வரை நீடித்த பண்பாட்டுப் புரட்சியிலோ, பிள்ளைகளே பெற்றோரைப் பொதுவில் பழித்துரைக்கும் நிலை உருவாயிற்று.

அடுத்த தலைமுறையின் இடர் வேறு. 2015 வரை நீடித்த ஒரு குழந்தைக் கொள்கையின் விளைவாக, உடன்பிறப்பற்ற கணவனும் மனைவியும் நான்கு பெற்றோரையும் ஒரு குழந்தையையும் தாங்க நேர்ந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஏறத்தாழ 26.4 கோடிப் பேர். பிழைப்புக்காகப் பிள்ளைகள் தொலைநகரங்களுக்குப் பெயர்ந்துவிட, முதியோர் ஊரில் தனித்தனர். 2013 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், தனித்து வாழும் பெற்றோரை அடிக்கடி சென்று காணுமாறு பணித்தது. அவ்வாண்டே வூசி நகர நீதிமன்றம், 77 வயதுத் தாயை இரு மாதங்களுக்கு ஒருமுறையேனும் காணுமாறு மகளுக்கு ஆணையிட்டது.

தைவான் உளவியலாளர் யே குவாங்-ஹுய், ஒல்வென் பெட்ஃபோர்டுடன் இணைந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வறத்தை இரு கூறாகப் பகுத்தார். ஒன்று, பெற்றோரின் அதிகாரத்துக்குப் பணிதல். மற்றொன்று, அவர்கள் காட்டிய அன்புக்கு நன்றியாய்ப் பரிவு காட்டுதல். இப்பகுப்பின் வழியே நோக்கினால், லூ சுன் தலைமுறை மறுத்தது முதற்கூற்றையே என்பது விளங்கும். இன்றைய இளையோர் தொழிலையும் துணையையும் தாமே தேர்ந்துகொண்டும் முதுமையில் பெற்றோரைக் கைவிடலாகாது எனக் கருதுவது முரணன்று.

வூசித் தீர்ப்பு அந்த மகளைத் தாயின் வாயில்வரை அழைத்து வரக்கூடும். அங்கே அவள் எவ்வுள்ளத்தோடு அமர்வாள் என்பது சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கன்ஃபூசியஸ் வேண்டியதோ அவ்வுள்ளத்தையே.