இலேசான வேலையும் இழப்பீட்டுத் தொகையும்

ஆலையில் விபத்து நேர்ந்தால் காயம் ஒருவருக்கு. கவலையோ குடும்பம் முழுவதற்கும். கட்டுப் பிரித்தபின் மருத்துவர், "பாரம் தூக்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை பார்க்கலாம்" என்று எழுதித் தருகிறார். நிர்வாகமும் 'லைட் டியூட்டி'க்கு அழைக்கிறது. போனால் நட்டஈடு நின்றுவிடுமோ? போகாவிட்டால் வேலையே போய்விடுமோ? நம் பங்குக் குடும்பங்களில் எழும் இவ்வையத்திற்குச் சட்டம் தரும் விடையைக் காண்போம்.

ஈ.எஸ்.ஐ. காப்பீடு இல்லாத தொழிலாளிக்கு நட்டஈடு தர வேண்டியவர் முதலாளி. இது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நெறி. இந்நெறி 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி, தற்காலிகமாக உழைக்க இயலாதவருக்கு அரை மாதத்திற்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 விழுக்காடு கிடைக்கும். உடல் நலிவு நீடிக்கும்வரை, ஆனால் 5 ஆண்டுகளுக்கு மேற்படாமல், இது தொடரும்.

இலேசான வேலையில் சேர்ந்தால் இத்தொகை அடியோடு நின்றுவிடாது. பழைய சம்பளத்தின் பாதிக்கும் புதிய சம்பளத்தின் பாதிக்கும் உள்ள வேறுபாட்டை அது தாண்டக்கூடாது என்பதே விதி. கணக்காகப் பார்ப்போம். விபத்துக்கு முன் மாதம் 12,000 ரூபாய் பெற்றவர் வீட்டிலிருந்தால், அரை மாதத்திற்கு 3,000 ரூபாய் பெறுவார். 8,000 ரூபாய்ச் சம்பளத்தில் இலேசான வேலைக்குச் சென்றால், அரை மாதச் சம்பளம் 4,000, நட்டஈடு 2,000, ஆக 6,000. இழந்த வருவாய் முழுவதும் ஈடாகிவிடுகிறது. பழைய சம்பளமே கிடைத்தால் மட்டும் நட்டஈட்டிற்கு இடமில்லை. ஆகவே, 'வேலைக்கு வந்துவிட்டாய், இனி ஒன்றும் கிடையாது' என்று யாரேனும் சொன்னால், அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்களின் நிலை வேறு. வேலைக்குச் செல்ல இயலாத நாள்களுக்கு அவர்களுக்குச் சராசரி நாட்கூலியில் 90 விழுக்காடு கிடைக்கிறது. ஆனால் கூலி பெற்று உழைக்கும் எந்நாளுக்கும் இவ்வுதவி இல்லை. குறைந்த சம்பளத்தை ஈடுசெய்யும் வழியும் இங்கில்லை. எனவே, உடல் தேறுமுன் பாதிக் கூலிக்கு ஒப்புக்கொண்டு செல்பவர், 90-ஐ விட்டு 50-ஐப் பெற்றவராகிறார். மருத்துவர் தகுதிச் சான்று தரும்வரை பொறுத்திருப்பதே நலம்.

நிரந்தர ஊனம் இவ்விரண்டிலும் சேராதது. எடுத்துக்காட்டாக, கைக் கட்டைவிரலை இழந்தால் உழைப்புத் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று சட்ட அட்டவணை வரையறுக்கிறது. இலேசான வேலையில் சேர்ந்தார் என்பதற்காக இவ்வுரிமை மறைந்துவிடாது.

ஆகவே, குடும்பத்தார் செய்ய வேண்டியவை சில உண்டு. எவ்வேலை கூடும், எது கூடாது, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் எழுத்தில் பெறுங்கள். விபத்துக்கு முந்தைய, பிந்தைய சம்பளச் சீட்டுகளைப் பாதுகாத்து வையுங்கள். உடல்நிலை மோசமானால், மருத்துவச் சான்றுடன் தொகையை மறுபரிசீலனை செய்யக் கோரலாம். வெற்றுத்தாளில் கையொப்பமிடாதீர்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும், அது சட்டத்தின்முன் செல்லாது.

இலேசான வேலை தொழிலாளிக்குப் பகையன்று. தேறி வரும் உடலுக்கும் சோர்ந்த மனத்திற்கும் அது துணையாகலாம். கணக்கறிந்து அதை ஏற்போமாக.