ஓடிப் பழகிய இதயத்தின் கோடுகள்

2004 டிசம்பர் 5, பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், மோகன் பகானுக்கு எதிராகக் கோல் போட்ட கையோடு கோல்கீப்பருடன் மோதி விழுந்தார். எழவே இல்லை. வயது 25. இதயம் நின்றுபோனதே காரணம் என்றது பிரேதப் பரிசோதனை.

இப்படி ஒரு சாவு நடந்தால் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி: முன்னாடியே ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருக்கக் கூடாதா?

எடுப்பது பெரிய வேலையில்லை. கோட்டூர்புரத்திலோ அடையாறிலோ ஒரு சாதாரண லேபில் போய்ப் படுத்தால், நெஞ்சில் ஜெல் தடவி ஆறு குமிழ், கைகால்களில் நாலு கிளிப் மாட்டி, சில நிமிடத்தில் சிவப்புக் கட்டம் போட்ட தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சிரமமெல்லாம் அதைப் படிப்பதில்தான். வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவரின் நாடி நிமிடத்துக்கு நாற்பதுகளில் நிற்கும். இதயச் சுவர் கொஞ்சம் தடித்து, அலைகள் உயர்ந்து தெரியும். இயந்திரம் பயந்துபோய் 'அப்நார்மல்' என்று அச்சடிக்கும். ஆபத்தில்லை. ஆனால் பக்கவாட்டு லீடுகளில் டி அலை தலைகீழாகக் கிடந்தாலோ, க்யூடி இடைவெளி அளவுக்கு மீறி நீண்டாலோ சும்மா விடக் கூடாது. பயிற்சியால் வந்த மாற்றத்தையும் ஆபத்தின் அறிகுறியையும் பிரித்தறியவே 2017இல் சர்வதேச நெறிமுறை ஒன்று வந்தது.

இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அங்கே வெனெட்டோ பகுதியில் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6இலிருந்து 0.4ஆகக் குறைந்தது. அமெரிக்க இதய நிபுணர்கள் இதை வைத்து எல்லோருக்கும் ஈ.சி.ஜி. வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலாந்துக் கணக்கும் யோசிக்க வைக்கிறது: 11,168 இளம் கால்பந்து வீரர்களைச் சோதித்ததில் 42 பேருக்கு ஆபத்தான கோளாறு அகப்பட்டது. பிற்பாடு இதயக் கோளாறால் திடீரென இறந்த எட்டுப் பேரில் ஆறு பேர், பரிசோதனையில் 'நார்மல்' என்று தேறியவர்கள்! இதயத் தசை நோய் சிலருக்குப் பதினாறு வயதில் ஒளிந்திருந்து பிறகு தலைகாட்டும்.

நம் பக்கத்துக்கு இன்னொரு சங்கதி உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணியும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரைப்படி, தெற்காசியரில் சுமார் நூற்றுக்கு நாலு பேரிடம் இதயத் தசைப் புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான் அதன் தொல்லை, இளவயது ஈ.சி.ஜி.யில் தடயமே இல்லாமல் போகலாம்.

அதனால்தான் தாளோடு கூடக் கேள்விகளும் வேண்டும். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போனார்களா? பையன் மயங்கி விழுந்தானா? சென்னையில் இதற்கு ஆயத்த பதில் 'வெயில், காலையில சாப்பிடல' என்பது. பந்தயம் முடிந்து நின்றபின் வந்த மயக்கம் என்றால் அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்திருந்தால், எக்கோவும் டிரெட்மில்லும் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை அவனை மைதானத்தில் இறக்கக் கூடாது.