படம் ஓடுகிறது, ஒலி ஏன் கரகரக்கிறது?

பழைய வீடியோ கேம் கேசட்டைச் செருகினால் படம் தெளிவாக ஓடுகிறது. இசை மட்டும் கரகரக்கிறது, சில வேளை அறவே நின்றுவிடுகிறது. ஏன்?

1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம் விளையாட்டுக் கருவியின் கேசட்டுக்கு 60 உலோக முனைகள். ஆசியாவில் விற்ற நகல் கருவிகள் பலவும் அதே வகை. கருவியில் பிறக்கும் ஒலி 45ஆம் முனை வழியே கேசட்டுக்குள் போய், 46ஆம் முனை வழியே திரும்பிய பிறகே தொலைக்காட்சிக்குச் செல்லும். கேசட்டும் தன் ஒலியைக் கலக்கட்டும் என்று செய்த அருமையான ஏற்பாடு! இந்த இரண்டில் ஒன்றில் அழுக்கேறினாலும் ஒலி கெடும். படத்துக்கு ஒன்றும் ஆகாது.

கிழக்கிலங்கையின் வீரமுனை, கல்முனைப் பக்கத்து உப்புக்காற்றில் இந்த முனைகளின் உலோகம் சீக்கிரம் அரித்துப்போகும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் அரிப்பைக் கூட்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் முனைகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். எல்லாக் கேசட்டும் கரகரத்தால், கருவியின் செருகுவாயையும் கெப்பாசிட்டர்களையும் பாருங்கள்.