தோட்டத்துக் குரங்கும் சோலை மந்தியும்

விதைத்த நிலக்கடலையைத் தோண்டித் தின்பது, தென்னங்குரும்பையைப் பறித்து வீசுவது என்று குரங்குகள் செய்யும் சேதம் விவசாயிகள் அறிந்ததே. ஆயினும் தமிழ்நாட்டில் உள்ள குரங்குகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. நாட்டுக் குரங்கு, சோலை மந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு, கருமந்தி, சாம்பல் மந்தி என நான்கு இனங்கள் உள்ளன.

கருமந்திக்கும் சாம்பல் மந்திக்கும் இலையே முக்கிய உணவு. இவற்றின் இரைப்பை பல அறைகள் கொண்டது. மாட்டின் வயிற்றில் வைக்கோல் நுண்ணுயிர்களால் செரிப்பதைப் போலவே இவற்றின் வயிற்றில் இலை செரிக்கிறது. சோலை மந்தி, பெயரில் மந்தி ஆனாலும், நாட்டுக் குரங்கின் உறவினமே. இவ்விரண்டுக்கும் கன்னத்தில் பை உண்டு. அகப்பட்டதை அதில் திணித்துக் கொண்டு மரத்தில் ஏறி நிதானமாகத் தின்னும். காவல்காரர் சற்றே நகர்ந்தாலும் பெருஞ்சேதம் நேர்வது இதனால்தான்.

இவற்றின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்து 50 லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. சோலை மந்தியின் நெருங்கிய உறவினங்கள் இன்று மலேயா, இந்தோனேசியா பக்கம் வாழ்கின்றன. இடையில் காடுகள் சுருங்கியதால் இது மேற்குத் தொடர்ச்சி மலையில் தனித்து நின்றுவிட்டது. எஞ்சியிருப்பவை சுமார் 4,000 மட்டுமே.

நாட்டுக் குரங்கு பெருகிவிட்டது என்பது பொதுவான எண்ணம். உண்மை வேறு. தென்னிந்தியாவுக்கே உரிய இந்த இனத்தை, அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியது என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020இல் வகைப்படுத்தியது. வடக்கே செங்குரங்கு கோதாவரியைத் தாண்டி இறங்கி வருகிறது. சாலையோர ஆல், அத்தி, புளிய மரங்கள் வெட்டப்பட்டதால் இரையிழந்த கூட்டங்கள் ஊருக்குள் வருகின்றன. காட்டில் குறைவதும் தோட்டத்தில் கூடுவதும் ஒரே காரணத்தால்தான்.

பிடித்து வேறிடத்தில் விடுவதால் தொல்லை அடுத்த ஊர் விவசாயிக்கு மாறுமே தவிர, தீராது. விதைத்த முதல் வாரமும் அறுவடை நேரமும் காவலைத் தவறவிடக் கூடாது. அறுத்த கடலைச் செடியை மரத்தடியில் குவிக்காமல் திறந்த களத்தில் போடுதல் நலம். கோயில்களிலும் சாலைகளிலும் தின்பண்டம் வீசுவதை ஊரார் கூடி நிறுத்த வேண்டும். விஷம் வைப்பதும் சுடுவதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கருமந்தி லேகியம் என்று விற்கப்படுவதை வாங்குவதும் அப்படியே. அதில் மருந்துக் குணம் எதுவும் இல்லை.